கழுத்துக் கருமையும் புற்றுநோயும்: ஹெலன் ஓலன்டார்ஃப் கர்த் கேட்ட ஐந்து கேள்விகள்

பின்கழுத்து கறுத்திருந்தால் அது சர்க்கரை நோயின் முன்னறிவிப்பு என்று ஒரு காணொளி சொல்கிறது. வயிற்றுப் புற்றுநோயின் அடையாளம் என்று மற்றொன்று பயமுறுத்துகிறது. எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து தேய்த்தால் ஒரே வாரத்தில் போய்விடும் என்று மூன்றாவது ஒன்று உறுதி கூறுகிறது. மூன்றையும் ஒரே மாலையில் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன் நிற்பவருக்கு எதை நம்புவது என்று தெரியாமல் போவதில் வியப்பில்லை. முதல் இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எது யாருக்குப் பொருந்தும் என்ற முக்கியமான பகுதி இரண்டிலும் விடுபட்டிருக்கிறது. மூன்றாவதில் உண்மையே இல்லை.

விடுபட்ட அந்தப் பகுதியைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துச் செய்தவர் ஒரு பெண் தோல் மருத்துவர். அவர் பெயர் ஹெலன் ஓலன்டார்ஃப் கர்த். தோல் மருத்துவப் பாடநூல்களில் அவருடைய பெயர் இரண்டு விதமாக வருவதால், மாணவர்கள் பலர் இரண்டு பேர் என்றே எண்ணிக்கொள்வதுண்டு. திருமணத்துக்கு முந்தைய பெயரில் ‘புஷ்கே–ஓலன்டார்ஃப் நோய்க்குறித்தொகுப்பு’. திருமணத்துக்குப் பிந்தைய பெயரில் ‘கர்த்–மேக்லின் வகை மீன்செதில் தோல்’, ‘கர்த்தின் வரையறைகள்’. இந்தக் கட்டுரை முதலில் கழுத்துக் கருமை என்றால் என்ன என்பதை விளக்கி, பின்னர் அவருடைய வாழ்க்கையைத் தொட்டு, அவர் வகுத்த வரையறைகள், அதாவது தலைப்பில் உள்ள ஐந்து கேள்விகள், எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு வருகிறது.

இந்தக் கருமை உண்மையில் என்ன?

இதன் மருத்துவப் பெயர் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். அகாந்தா என்பது முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்; நைக்ரிகன்ஸ் என்பது கறுத்து வருவதைக் குறிக்கும் இலத்தீன் சொல். பின்கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, முழங்கையின் உள்மடிப்பு, விரல் முட்டி ஆகியவை இது வழக்கமாக வரும் இடங்கள்.

அருகில் வைத்துப் பார்த்தால் இது வெறும் நிறமாற்றம் அல்ல என்பது தெரியும். தோல் சற்றே தடித்திருக்கும்; கழுத்தின் குறுக்கே இயல்பாக ஓடும் கோடுகள் ஆழமாகியிருக்கும்; விரலால் தடவினால் வெல்வெட் துணியைத் தொடுவதுபோல் இருக்கும். கறுப்பு ஒரு கோட்டில் சட்டென்று நின்றுவிடாது. மெல்ல மங்கி இயல்பான தோலோடு கலந்துவிடும். அதே பகுதியில் சிறு சிறு மருக்களும் தொங்கக் கூடும்.

நுண்ணோக்கியின் கீழ் மேல்தோல் சின்னஞ்சிறு விரல்களைப் போல மேலெழுந்து மடிந்திருப்பதையும், அதன்மீது கெரட்டின் என்னும் புரதத்தாலான இறந்த செல்களின் படலம் வழக்கத்தைவிடத் தடிமனாகப் படிந்திருப்பதையும் காணலாம். கறுப்பாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் இந்தப் படலமும் மடிப்பும்தான். நிறமியின் பங்கு சிறிதளவே. எனவே இதை அழுக்கு என்று எண்ணித் தேய்ப்பது பயனற்றது, சில சமயம் தீங்கானதும் கூட. உராய்வால் தோல் மேலும் தடிக்கும். பீர்க்கங்காய் நாரால் கழுத்தைச் சிவக்கச் சிவக்கத் தேய்த்துவிடும் தாய்மார்களும், ‘குளிக்கவே மாட்டாயா’ என்று வகுப்பில் கேலி செய்யப்படும் பிள்ளைகளும் நம்மிடையே ஏராளம். அந்தப் பிள்ளைகள் படும் அவமானத்துக்கு எந்த அடிப்படையும் கிடையாது. சோப்பினால் கரையக்கூடிய எதுவும் அங்கே இல்லை.

இந்த நிலை மருத்துவ நூல்களில் முதலில் பதிவானது 1890-இல். ஹாம்பர்க் நகரத்துத் தோல் மருத்துவர் உன்னா அப்போது அரிய தோல் நோய்களைப் படங்களோடு தொகுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தொகுப்பில் பொலிட்சர், யானோவ்ஸ்கி என்ற இருவர் ஆளுக்கொரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 1893-இல் பிரெஞ்சு மருத்துவர் டாரியே இதை வயிற்றுக்குள் வளரும் புற்றுநோயோடு இணைத்துப் பேசினார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. புற்றுநோய் உள்ளவர்களிடம் இது காணப்பட்டது உண்மை. எந்தப் புற்றுநோயும் இல்லாத குழந்தைகளிடமும், பருமனான இளைஞர்களிடமும் இதே தோற்றம் காணப்பட்டதும் உண்மை. கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும் தோலைப் பார்த்து, ஒருவரை அறுவை அரங்குக்கு அனுப்புவதா, இன்னொருவரைக் கவலைப்படாதே என்று வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்க மருத்துவர்களிடம் ஒழுங்கான வழி எதுவும் இல்லை.

பிரெஸ்லௌ முதல் பெர்லின் வரை

ஹெலன் ஓலன்டார்ஃப் 1899-இல் பிரெஸ்லௌ நகரில் பிறந்தார். அன்று அது ஜெர்மனியைச் சேர்ந்தது. இன்று போலந்து நாட்டில் விரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. மருத்துவ வரலாற்றில் அந்த நகருக்குத் தனி இடம் உண்டு. ஆந்த்ராக்ஸ் கிருமியின் வாழ்க்கைச் சுழற்சியை ராபர்ட் கோக் 1876-இல் முதன்முதலாக அறிஞர்கள் முன் செய்து காட்டியது அங்கேதான். கோனோரியாவை உண்டாக்கும் கிருமியை 1879-இல் கண்டறிந்த ஆல்பர்ட் நைசர், அந்நகரின் தோல் மருத்துவத் துறையை ஐரோப்பா முழுவதும் அறிந்த ஒன்றாக வளர்த்தெடுத்தவர்.

பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முழு உரிமையுள்ள மாணவர்களாகச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1908-இல். அப்போது ஹெலனுக்கு ஒன்பது வயது. பத்தாண்டு முன்னதாகப் பிறந்திருந்தால் அவர் பள்ளிப் படிப்பை முடிக்கும் வேளையில் வகுப்பறைக் கதவு மூடியே இருந்திருக்கும். கதவு திறந்த பிறகும் மருத்துவத்தின் எல்லாத் துறைகளும் பெண்களை ஒரே மாதிரி வரவேற்றுவிடவில்லை. அறுவைச் சிகிச்சை போன்ற மதிப்புமிக்க துறைகளில் இடம் கிடைப்பது அரிது. தோல் மருத்துவமோ அக்காலத்தில் பால்வினை நோய்களோடு சேர்ந்த ஒரே துறையாக இருந்தது. அதனாலேயே அதைச் சற்றுக் கீழாகப் பார்க்கும் வழக்கமும் இருந்தது. மற்ற இடங்களில் ஒதுக்கப்பட்டவர்களான யூதர்களும் பெண்களும் இந்தத் துறையில் நுழைந்து அதை உயர்த்தினார்கள் என்பதே அக்கால ஜெர்மன் தோல் மருத்துவத்தின் வரலாறு.

பெர்லினில் ருடால்ஃப் விர்ஷோ மருத்துவமனையின் தோல் பிரிவில் ஆபிரகாம் புஷ்கேயிடம் ஹெலன் பணியாற்றினார். பென்சிலின் வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில் இத்தகைய பிரிவுகளின் அன்றாட வேலையில் பெரும்பகுதி சிபிலிஸ் என்னும் மேகநோய்தான். அந்நோயின் இரண்டாம் கட்டத்தில் உடலெங்கும் தோன்றும் சிவந்த தடிப்புகள் வேறு பல தோல் நோய்களைப் போலவே தோற்றமளிக்கும். இரத்தப் பரிசோதனை இருந்தபோதிலும், படுக்கையருகே நின்று கண்ணாலும் கையாலும் வேறுபடுத்தும் திறமைக்கு மதிப்பு அதிகம். இங்கேதான் ஹெலனின் பெயரைத் தாங்கும் ஓர் எளிய சோதனை வருகிறது. முனை மழுங்கிய மெல்லிய கம்பியால் தடிப்பை அழுத்தினால், சிபிலிஸ் தடிப்பாக இருந்தால் நோயாளி கூர்மையான வலியை உணர்வார். பக்கத்துத் தோலில் அதே அழுத்தம் வலிக்காது. இன்றும் இது ஓலன்டார்ஃப் அறிகுறி என்றே கற்பிக்கப்படுகிறது. ஒரு கம்பியும், நோயாளியின் முகத்தைக் கவனிக்கும் பொறுமையும் தவிர அதற்கு வேறெதுவும் தேவையில்லை.

1928: தோலில் ஒரு புள்ளி, எலும்பில் ஒரு புள்ளி

1928-இல் புஷ்கேயும் ஹெலனும் சேர்ந்து ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவருடைய தோலில் சிறிய, உறுதியான புடைப்புகள் சிதறிக் கிடந்தன. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது எலும்புகளில், குறிப்பாக மூட்டுகளை ஒட்டிய முனைகளில், பயறு சிந்தியதுபோல் வெண்ணிறப் புள்ளிகள் பரவியிருந்தன. இரண்டும் தனித்தனி நோய்கள் அல்ல, ஒரே காரணத்தின் இரண்டு வெளிப்பாடுகள் என்று அவர்கள் கூறினார்கள்.

புஷ்கே–ஓலன்டார்ஃப் நோய்க்குறித்தொகுப்பு என்று பெயர்பெற்ற இந்த நிலை பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உடலுக்குப் பெரும்பாலும் எந்தத் தீங்கும் செய்யாது. தீங்கு செய்யாத இந்த நோயை அறிந்துவைத்திருப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். வேறொரு காரணத்துக்காக, கீழே விழுந்தோ மூட்டுவலியாலோ, எக்ஸ்-ரே எடுக்கும் ஒருவரின் இடுப்பெலும்பு முழுக்க வெண்புள்ளிகளைப் பார்க்கும் மருத்துவருக்கு, முதலில் தோன்றக்கூடிய ஐயம் எலும்புக்குப் பரவிய புற்றுநோய். அந்த நோயாளியின் தொடையிலோ இடுப்பிலோ உள்ள சிறு புடைப்புகளை ஒருவர் கவனித்துவிட்டால், தேவையற்ற திசு ஆய்வுகளும், அதைவிடக் கொடிய, முடிவு வரும்வரை தூங்காத இரவுகளும் தவிர்க்கப்படும். 2004-இல், செல்கருவின் உட்சவ்வில் உள்ள ஒரு புரதத்தை உருவாக்கும் மரபணுவில் ஏற்படும் பிழையே இதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. அந்தப் பிழையால், இணைப்புத் திசுவையும் எலும்பையும் வளரச் சொல்லும் சமிக்ஞை கட்டுக்குள் இருப்பதில்லை. தோலும் எலும்பும் ஒரே கதை என்று 76 ஆண்டுகளுக்கு முன் கண்ணால் பார்த்துச் சொன்னது சரியாயிற்று.

1931: கடலைக் கடத்தல்

ஹெலன், தன்னைப்போலவே தோல் மருத்துவரான வில்லியம் கர்த்தை மணந்தார். ஜெர்மனியில் நாஜிகளின் செல்வாக்கு வளர்ந்துகொண்டிருந்த 1931-இல் இருவரும் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே தனி மருத்துவமனை நடத்தியபடியே கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வாண்டர்பில்ட் வெளிநோயாளர் பிரிவிலும் பணிசெய்தார்கள்.

நாஜிகள் ஆட்சியைப் பிடித்தது 1933 ஜனவரியில். அதே ஆண்டு ஏப்ரலில் வந்த சட்டம் யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து வெளியேற்றியது. புஷ்கேயும் பதவி இழந்தார். அப்போது ஜெர்மனியின் தோல் மருத்துவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் யூதர் என்பதால் அந்தத் துறையே சிதைந்தது. 1938-இல் யூத மருத்துவர்களின் தொழில் உரிமமே பறிக்கப்பட்டது. நாட்டைவிட்டு வெளியேறாத புஷ்கே நாஜிகளின் தெரேசியென்ஸ்டாட் வதை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1943-இல் அங்கேயே இறந்தார். ஒரே நோயின் பெயரில் அருகருகே நிற்கும் இரண்டு பெயர்களில் ஒருவரின் முடிவு முகாமில். மற்றவர் நியூயார்க்கில் பல பத்தாண்டுகள் நோயாளிகளைப் பார்த்து, 1982-இல் தன் 83-ஆம் வயதையொட்டி மறைந்தார். நாஜிகள் ஆட்சிக்கு வருவதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக எடுத்த ஒரு முடிவு இந்த வேறுபாட்டை உண்டாக்கியது. அதை நினைக்காமல் அந்தப் பெயரை இனி வாசிப்பது கடினம்.

ஒரே தோற்றம், வெவ்வேறு நோய்கள்

நியூயார்க்கில் ஹெலன் கர்த் மறுபடி மறுபடி திரும்பி வந்த பொருள் கழுத்துக் கருமைதான். 1936-இல் அதன் தீங்கற்ற வகையைப் பற்றியும், 1943-இல் அதனோடு சேர்ந்து வரும் புற்றுநோய் பற்றியும் எழுதினார். அவர் செய்த அடிப்படையான பணி, அதுவரை ஒரே பெயரில் குவிந்து கிடந்தவற்றைப் பிரித்தது.

1. தீங்கற்ற வகை. பிறப்பிலோ குழந்தைப் பருவத்திலோ பூப்பெய்தும் வயதிலோ தொடங்கும். குடும்பத்தில் பலருக்கு இருக்கலாம். புற்றுநோயோடு தொடர்பில்லை.

2. போலி வகை. பருமனானவர்களிடம் வருவது; எடை குறைந்தால் கருமையும் குறையும். இன்று நாம் அன்றாடம் காணும் கழுத்துக் கருமையில் மிகப் பெரும்பகுதி இதுவே.

3. புற்றுநோயோடு வரும் வகை. பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்களிடம் திடீரெனத் தோன்றி, சில வாரங்களிலோ மாதங்களிலோ வேகமாகப் பரவும். உதடு, வாயின் உட்புறம், உள்ளங்கை ஆகிய இடங்களிலும் தோல் தடிக்கும். அரிப்பு இருக்கும். ஆள் பருமனாக இல்லாமல், மாறாக மெலிந்துகொண்டே வருவார்.

இவற்றோடு சில பிறவி நோய்க்குறித்தொகுப்புகளின் பகுதியாக வரும் கருமையையும் அவர் தனியே வைத்தார்.

மூன்றாவது வகைக்கு மருத்துவத்தில் வழங்கும் பெயர் பலரையும் தவறான வழியில் இழுத்துவிட்டது. அதை ‘புற்றுத்தன்மையுள்ள’ வகை என்று அழைப்பதால், கறுத்த தோலே புற்றாக மாறிவிடும் என்று நோயாளிகள் மட்டுமல்ல, சில மருத்துவர்களும் எண்ணுவதுண்டு. தோலில் புற்றுச் செல் ஒன்றுகூடக் கிடையாது. புற்று இருப்பது வயிற்றுக்குள். பெரும்பாலும் இரைப்பையில், சுரப்பித் திசுவிலிருந்து எழும் வகையாக. தோல் வெறும் செய்திப் பலகை. இந்தக் கட்டிகளின் இடத்தையும் திசு வகையையும் ஒழுங்காகத் தொகுத்து, கர்த்தும் அவருடைய சகாக்கள் இருவரும் 1962-இல் வெளியிட்டார்கள். அந்தத் தொகுப்பு இல்லையென்றால், எங்கே தேடுவது என்று இன்றைய மருத்துவருக்குத் தெரிந்திருக்காது.

தற்செயலா, தொடர்பா?

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வரலாம். அறுபது வயதைக் கடந்த ஒருவருக்குத் தோலில் ஏதாவது ஒரு மாற்றம் இல்லாமல் இருப்பது அரிது. அந்த வயதில் புற்றுநோயும் அரிதல்ல. அடிக்கடி நிகழும் இரண்டு நிகழ்வுகள் ஒரே ஆளிடம் சந்திப்பது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். அப்படியிருக்க, ‘இந்தத் தோல் மாற்றம் உள்ளே இருக்கும் புற்றினால் வந்தது’ என்று எந்த நிலையில் துணிந்து சொல்லலாம்? பதிவாகும் ஒவ்வொரு நோயாளியையும் வைத்து ஒரு புதிய அடையாளத்தை அறிவித்தால், காலப்போக்கில் எல்லாத் தோல் நோயும் புற்றுநோயின் அடையாளம் ஆகிவிடும். இன்றைய காணொளிகளில் நடப்பது இதுவே.

ஒரு கிருமிதான் ஒரு நோய்க்குக் காரணம் என்று சொல்ல என்னென்ன சான்று வேண்டும் என்று ராபர்ட் கோக் 19-ஆம் நூற்றாண்டில் நிபந்தனைகள் வகுத்திருந்தார். ஹெலன் கர்த் அதேபோன்ற ஓர் அளவுகோலைத் தோலுக்கும் புற்றுக்கும் வகுத்தார். 1976-இல் வெளிவந்த அதன் வடிவம் ஐந்து கேள்விகளாக அமையும்.

1. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கினவா? தோல் மாற்றம் 20 ஆண்டுகளாக இருந்து, புற்று இந்த ஆண்டு வந்திருந்தால் தொடர்பு இல்லை என்று எண்ண இடமுண்டு. ஆனால் ‘தொடக்கம்’ என்பதைப் பிடிப்பது எளிதல்ல. தோல் கறுத்த மாதத்தை நோயாளி சொல்ல முடியும். இரைப்பையில் முதல் செல் எப்போது மாறியது என்பதை யாரும் சொல்ல முடியாது. எனவே கண்டுபிடிக்கப்பட்ட நாளைத் தொடக்க நாளாகக் கொள்ளாமல் இருப்பதற்கு எச்சரிக்கை வேண்டும். நோயாளிகளில் பெரும்பாலோரிடம் இரண்டும் சேர்ந்து தெரியவருகின்றன. சிலரிடம் தோல் முந்துகிறது. சிலரிடம் புற்று முந்துகிறது.

2. இரண்டும் சேர்ந்தே நடக்கின்றனவா? கட்டியை முழுமையாக அகற்றினால் தோல் தெளிய வேண்டும். கட்டி மீண்டும் வந்தால் தோலும் மீண்டும் கறுக்க வேண்டும். ஐந்தில் மிக வலிமையான சான்று இதுவே. கையால் ஒரு விசையைத் தட்டி விளக்கு அணைவதைப் பார்ப்பதற்கு இது சமம். தெளிந்திருந்த தோல் மறுபடி கறுப்பதைக் கண்டு, அறிகுறி எதுவும் இல்லாத நிலையிலேயே கட்டி திரும்பிவிட்டதைச் சந்தேகிக்கவும் இது வழிகாட்டும்.

3. குறிப்பிட்ட தோல் நோயோடு வரும் புற்று எப்போதும் ஒரே இடத்தில் அல்லது ஒரே வகையாக வருகிறதா?

4. எண்ணிக்கை என்ன சொல்கிறது? அந்தத் தோல் நோய் உள்ளவர்களிடம் புற்றுநோய், மற்றவர்களிடம் உள்ளதைவிட உண்மையிலேயே அதிகமா?

5. மரபுவழித் தொடர்பு உண்டா? ஒரே மரபணுப் பிழை தோல் மாற்றத்தையும் புற்றையும் உண்டாக்குகிறதா?

ஐந்தும் ஒருசேரப் பொருந்த வேண்டியதில்லை. பிற்காலத்தில் எழுதியவர்கள் பலரும் முதல் இரண்டையும் இன்றியமையாதவை என்றும் மற்ற மூன்றையும் துணைச் சான்றுகள் என்றும் கொள்கிறார்கள்.

அளவுகோலை வைத்துப் பார்த்தால்

மரப்பலகையின் ரேகைகளைப் போல உடலெங்கும் வளையம் வளையமாகப் படர்ந்து, நாளுக்கு நாள் இடம் நகரும் ஓர் அரிய சிவப்புத் தடிப்பு 1952-இல் விவரிக்கப்பட்டது. அந்த நோயாளிக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது. கட்டியை அகற்றியபின் தடிப்பு மறைந்தது. இரண்டாம் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, அதோடு உணவுக்குழாய்ப் புற்றுநோயும் வரும் குடும்பங்கள் 1958-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலிருந்து பதிவாயின. இங்கே தோல் சிறு வயதிலேயே தடித்துவிடுகிறது. புற்று பல பத்தாண்டுகள் கழித்தே வருகிறது. முதல் கேள்வியில் இது தோற்றுவிடும். ஆனால் ஐந்தாம் கேள்விக்கான விடை ஐயமற்றது. மரபணுவும் 2012-இல் கண்டறியப்பட்டது. கர்த் ஐந்தாவதைத் தனியே சேர்த்ததன் பொருள் இத்தகைய குடும்பங்களைப் பார்க்கும்போது விளங்கும்.

இமைகள் ஊதா நிறமாகி, தோள், தொடைத் தசைகள் வலுவிழக்கும் டெர்மட்டோமயோசைட்டிஸ் நோயில் புற்று வரும் இடம் ஆளுக்கு ஆள் மாறும். மூன்றாம் கேள்வி பொருந்தாது. எண்ணிக்கையோ வலுவாக நிற்கிறது. எனவே பெரியவர்களுக்கு இந்நோய் வந்தால் உள்ளே புற்று இருக்கிறதா என்று தேடுவது வழக்கமாகிவிட்டது.

மாறாக, முதியவர்களுக்கு முதுகிலும் மார்பிலும் பழுப்பு நிற மருக்கள் திடீரென ஏராளமாக முளைத்தால் அது புற்றின் அடையாளம் என்ற கருத்து நெடுங்காலமாக உண்டு. அதற்கு லேசர்–ட்ரேலா அறிகுறி என்று பெயர். அந்த மருக்களும் முதுமையில் சாதாரணம், புற்றுநோயும் சாதாரணம். நான்காம் கேள்வியை வைத்தவுடன் இந்த அறிகுறியின் மதிப்பு ஆட்டம் காண்கிறது. இன்றுவரை அது விவாதத்துக்குரியதாகவே இருக்கிறது.

மீன்செதில் தோலும் மரபணுவும்

மரபுவழிக் கேள்வியில் கர்த்துக்கு இருந்த ஈடுபாட்டுக்கு இன்னொரு சான்று உண்டு. 1954-இல் மரபியல் அறிஞர் மேட்ஜ் மேக்லினுடன் சேர்ந்து, தோல் மீன்செதில்போல், சில இடங்களில் முள்ளம்பன்றியின் முட்கள்போல் தடிக்கும் ஒரு குடும்பத்தை ஆராய்ந்து எழுதினார். 2001-இல் அதற்குக் காரணமான பிழை கெரட்டின் புரதங்களில் ஒன்றின் மரபணுவில் இருப்பது தெரியவந்தது. வாய்ப்புண், பிறப்புறுப்புப் புண், கண் அழற்சி மூன்றும் சேர்ந்து வரும் பெச்செட் நோயைப் பற்றி 1946-இல் எழுதி, அதைக் கண்டறிவதற்கான வரையறையை முன்வைத்த தொடக்ககாலத்தவர்களிலும் அவர் ஒருவர். பொருள் வேறானாலும் வேலை ஒன்றே: எவை உண்மையில் சேர்ந்தவை, எவை சேர்ந்திருப்பதுபோல் தோன்றுபவை என்று பிரித்தறிவது.

1976: இன்சுலின் உள்ளே வருகிறது

கர்த்தின் வரையறைகள் வெளியான அதே 1976-இல், அமெரிக்க ஆய்வாளர் கானும் அவருடைய குழுவும் கழுத்துக் கருமையோடு கடுமையான இன்சுலின் எதிர்ப்பு இருந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். இன்சுலின் எதிர்ப்பு என்றால், இரத்தத்தில் இன்சுலின் போதிய அளவு இருந்தும் உடலின் செல்கள் அதன் சொல்லைக் கேட்காமல் இருப்பது. ஈடுசெய்யக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கும். அளவு மீறிய இன்சுலின், தோல் செல்களில் இன்சுலினைப் போன்ற ஒரு வளர்ச்சிக் காரணிக்காக உள்ள ஏற்பிகளிலும் சென்று ஒட்டிக்கொண்டு, வளரச் சொல்லித் தூண்டும். மேல்தோல் தடித்து மடியும்.

புற்றுநோயோடு வரும் வகையில் தூண்டும் பொருள் வேறு. அங்கே கட்டியே சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் இரத்தம் வழியாகத் தோலை அடைந்து அதே விளைவை உண்டாக்குகின்றன. கட்டியை எடுத்தால் சுரப்பு நிற்கிறது, தோல் தெளிகிறது. இரண்டாம் கேள்வி ஏன் அவ்வளவு வலிமையானது என்பதற்கு உயிர்வேதியியல் பின்னால் தந்த விடை இது.

இந்தியச் சூழலில் இதன் எடை எவ்வளவு என்பதைச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்விலிருந்து உணரலாம். 2023-இல் வெளியான அதன் முடிவுகளின்படி நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் விளிம்பில் நிற்கிறார்கள். விளிம்பில் நிற்பவர்களில் பலருக்குத் தங்கள் நிலை தெரியாது. அவர்களில் ஒரு பகுதியினரின் கழுத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமல் நார் கொண்டு தேய்க்கிறோம்.

கழுத்து கறுத்தவர் என்ன செய்ய வேண்டும்?

சிறு வயதிலோ பூப்பெய்திய காலத்திலோ தொடங்கி, ஆண்டுக்கணக்கில் மெல்லக் கூடிவரும் கருமை, எடையும் அதிகமாக இருக்குமானால், புற்றுநோய் அச்சத்துக்குக் காரணம் ஆகாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வதே தேவை. பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கின்மையும் முகத்தில் முடி வளர்ச்சியும் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையையும் கவனிக்க வேண்டும். நிக்கோட்டினிக் அமிலம் போன்ற சில மருந்துகளாலும் கருமை வரும் என்பதால், சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நடுவயதைக் கடந்தவரிடம், பருமன் இல்லாதபோது, சில மாதங்களுக்குள் தோன்றி வேகமாகப் பரவும் கருமை வேறு கதை. நாக்கும் உதடும் சொரசொரத்தாலோ, உள்ளங்கைத் தோல் தடித்து ரேகைகள் ஆழமானாலோ, பசி குறைந்து எடை இறங்கினாலோ காலம் தாழ்த்தக் கூடாது. இரைப்பை உட்பட வயிற்று உறுப்புகளை ஆராய்வது அங்கே கட்டாயம். இந்த வகை தெரியவரும்போது கட்டி பெரும்பாலும் முற்றிய நிலையில் இருப்பதால் ஒவ்வொரு வாரமும் முக்கியம்.

மற்றவர்களுக்கு, கர்த்தின் இரண்டாம் கேள்வி ஒரு நல்ல செய்தியையும் வைத்திருக்கிறது. உடல் எடை குறைந்து, இன்சுலின் எதிர்ப்பும் குறைந்துவந்தால், சில மாதங்களில் கழுத்தின் தடிப்பு இளகி, ஆழ்ந்த கோடுகள் மேலெழுந்து, கருமை ஓரங்களிலிருந்து உள்நோக்கி வெளுக்கத் தொடங்கும். களிம்புகள் மேற்பூச்சாக ஓரளவு உதவலாம். உள்ளே மாற்றம் இல்லாமல் அவை நிலைக்காது. எடை திரும்ப ஏறினால் கருமையும் திரும்ப வரும்.